மிதிமேல் டெல்மாரின் கால்

என் தங்கை நெய்வாவை விட்டுவிட்டு அவள் புருஷன் டெல்மார் வீட்டைக் காலி செய்தது மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் அவனும் வழக்கம்போல ஒரே ஹைட்ராலிக் ஹேமர் முன்னால் நின்றோம்.

காஷியாஸ் நகரில் லாரிப் பாகங்கள் அடிக்கும் பட்டறையில் எங்களுக்கு வேலை. உலையிலிருந்து பழுத்து வரும் இரும்புத் துண்டைக் குறட்டால் பிடித்துக் கீழ் டை என்கிற அச்சில் வைப்பது நான். காலால் மிதியை அழுத்துவது டெல்மார். எண்ணெய் அழுத்தத்தில் ஹேமரின் நாலு டன் சம்மட்டித் தலை இறங்கும். முதல் அடி மெதுவாக, துண்டு டைக்குள் உட்காருவதற்கு. அடுத்த இரண்டும் முழு பலத்தோடு. அந்த இரைச்சலில் எட்டு வருஷமாகத் தலையசைப்பிலேயே வேலை நடந்தது. அதனால் நான் அவனோடு பேச்சை நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை.

ஜூனில் ஒருநாள் துண்டு மேல் டையில் ஒட்டிக்கொண்டு தலையோடு மேலே போய்விட்டது. தலை இறங்காமலிருக்க இடையில் எஃகுத் தூண் ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தட்டிவிட வேண்டும். நாங்கள் ஒருநாளும் அந்தத் தூணை வைத்ததில்லை. அவன் மிதியிலிருந்து காலை எடுத்துக் கையை உயர்த்துவான். நான் உள்ளே குனிந்து கம்பியால் தட்டுவேன்.

அன்றும் கையை உயர்த்தினான். எனக்கு முதுகு வளையவில்லை. சுவரோரம் தூசி படிந்து கிடந்த தூணைத் தூக்கிவந்து நிறுத்தினேன்.

டெல்மார் காதடைப்பானைக் கழற்றினான்.

"என்ன மச்சான் இது, புதுசா?"

"மச்சான்னு கூப்பிடாதே."

"நான் உன்னை நசுக்கிடுவேன்னு பயமா?"

"நீ நசுக்க மாட்டே. ஆனா உன் மனசு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலே. முன்னாடி தெரியும்."

அவன் முகம் சுருங்கியது. இயந்திரத்தை நிறுத்திச் சாவியை உருவி நீட்டினான். கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

இனி மிதித்தாலும் இயங்காது; சாவியைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தேன். கழுத்துக்கு மேலே அந்தத் தலை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எட்டு வருஷம் நான் நம்பியது இவனையா, இல்லை என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இவன் உட்கார்ந்திருந்ததையா? துண்டு ஆறிக் கறுத்துப்போய்க் கீழே விழுந்தது. கழிவுதான்.

அதற்குப் பிறகு துண்டு ஒட்டும்போதெல்லாம் கேட்காமலே சாவியைக் கொடுத்தான். "என்னப்பா, மோதிரம் மாதிரி சாவி குடுக்கறே, நிச்சயதார்த்தமா?" என்று உலைக்காரன் கேலி செய்தான். டெல்மாரும் சிரித்தான், நானும் சிரித்தேன். அதோடு சரி. அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

ஒரு மாலை நெய்வாவிடம் சாவி விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பில் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களி கிளறுவதைக் கொஞ்சம் நிறுத்தினாள்.

"அவனாவே குடுக்கிறானா?"

"ஆமா."

"சரி. உன் பக்கத்துலயாவது ஒழுங்கா நிக்கட்டும்" என்றாள். எனக்குத் தட்டை எடுத்து வைத்தாள்.