மூன்றாவது மீட்டர்

மூக்குக்கண்ணாடியை வைத்தாயிற்று, வெற்றிலைப் பெட்டியையும் வைத்தாயிற்று. மீட்டரில்தான் சிக்கல். செம்மண்டலத்து வீட்டு வாசலில் பாடை கட்டி முடித்துக் கால் மணி நேரமாகியும் சுப்புரத்தினம் புறப்படவில்லை.

பழகிய சாமானை ஆளோடு அனுப்பிவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அவருடைய அப்பாவோடு ஒரு சீட்டுக்கட்டு போயிருக்கிறது.

"எதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிடுண்ணே," என்றாள் அவர் மனைவி சிவகாமு. அவள் முன்னால் பலகையில் மூன்று வோல்ட் மீட்டர்கள் இருந்தன.

பொன்னம்பலம் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மீட்டர்களையே பார்த்தார். சாம்பல் நிறத்தில் இருந்த இரண்டும், ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை விற்கும் மெட்ராஸ் கடை ஒன்றிலிருந்து வந்தவை. மூன்றாவது ஒரு கறுப்புப் பெட்டி. சிதம்பரத்தில் அவர் அட்டெண்டராக இருக்கும் காலேஜின் லேபிலிருந்து, நேற்று மத்தியானம், யாருக்கும் தெரியாமல் அவருடைய துணிப்பையில் ஏறி ரயிலில் வந்தது. திங்கட்கிழமை காலையில் லேபில் ஸ்டாக் சரிபார்க்கிறார்கள். இன்று ஞாயிறு.

சுப்புரத்தினம் தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் பிறத்தியார் சேதியைத் தட்டி ஓய்வு பெற்றவர். யுத்தத்தில் நிறுத்திவைத்த அமெச்சூர் ரேடியோ லைசென்ஸை சர்க்கார் மறுபடி கொடுக்க ஆரம்பித்ததும், சொந்தமாக ஒரு செட் கட்டித் தன் சேதியை உலகத்துக்குச் சொல்லப்போவதாகத் தெருவுக்கே அறிவித்தார். சாமான்கள் வந்து எட்டு மாதம் பிஸ்கட் டின்களில் கிடந்தன. ஈயப்பற்று ஒன்றுகூட விழவில்லை. அளக்காமல் பற்றவைக்கக்கூடாது. அளக்க மீட்டர் வேண்டும். அந்த மீட்டர் யோக்கியமானதா என்று பார்க்க இன்னொரு மீட்டர் வேண்டும். கடைக்காரர் சலித்துப்போய் இரண்டை அனுப்பி, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பச் சொல்லிவிட்டார். தொண்ணூறு வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தொண்ணூறே காட்டின. வேறு யாராயிருந்தாலும் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டிருப்பார்கள். சுப்புரத்தினத்துக்குச் சந்தேகமே அங்கேதான் பிறந்தது.

"ரெண்டும் ஒரே கடை மச்சான். ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லுது," என்று பொன்னம்பலத்துக்கு எழுதினார். காலேஜ் மீட்டரை ஒரே ஒரு நாள் கொண்டுவரச் சொல்லி மூன்று கார்டு போட்டார்.

கீழ் அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த ஒன்றாகப் பார்த்து எடுத்து வந்தார் பொன்னம்பலம். அது அதே பேட்டரியில் தொண்ணூற்றொன்பது காட்டியது. சுப்புரத்தினம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். புது பேட்டரி கொஞ்சம் கூடத்தான் காட்டும், காலேஜ் என்றால் காலேஜ்தான், வாங்கினால் இந்தக் கறுப்புப் பெட்டியைப் போலத்தான் வாங்குவது என்று தீர்ப்புச் சொன்னார். பெண் நிச்சயமான வீட்டுக் களை அவர் முகத்தில். ராத்திரி ஒரு கை சோறு கூடவே சாப்பிட்டார். விடிந்து சிவகாமு காபி கொண்டுபோனபோது எழுந்திருக்கவில்லை.

காலேஜ் சொத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் பந்தல் காலைப் பிடித்தபடி மணவாளன் நின்றுகொண்டிருந்தார். லேப் டெமான்ஸ்ட்ரேட்டர், ஸ்டாக் ரிஜிஸ்தரே அவர் கையில்தான். தந்தி கிடைத்து அழுதுகொண்டிருந்த பொன்னம்பலத்தின் மனைவியை, ஒரே தெருக்காரர் என்ற முறையில், பகல் ரயிலில் அழைத்து வந்திருந்தார்.

"இதுங்கூட நல்ல மீட்டர்தாம்மா," என்று பொன்னம்பலம் சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"மேல போயி அவரு மூணையும் வெச்சிப் பாக்காம ஒத்துக்க மாட்டாரு மாமா," என்றான் கொள்ளிச்சட்டியோடு நின்ற தங்கராசு, செத்தவரின் தம்பி. "சட்டுனு சொல்லுங்க. கை சுடுது."

சிவகாமு கறுப்புப் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"பதினோரு பொண்ணு பாத்துட்டுத்தாண்ணே என்னைக் கட்டினாரு. மீட்டரு மூணுலயே முடிஞ்சிடுச்சி." பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டு, அதை மறைக்க ஓங்கி அழுதார்கள். சிவகாமு பெட்டியைப் புருஷனின் கையருகில் வைத்து, அது அசையாதபடி மாலையை மேலே இழுத்துவிட்டாள். "அவரு பொறுக்கினா தப்பாப் போவாது."

பாடை கிளம்பியது. கெடிலக்கரை வரைக்கும் பொன்னம்பலம் மாலையையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஆற்றோரத்தில் இறக்கும்போது எப்படியாவது எடுத்து வேட்டி மடிப்பில் செருகிவிட வேண்டும். செருக அது என்ன எலுமிச்சம்பழமா, இரண்டு படி அரிசியின் எடை. பெட்டியோடு வேட்டியும் போய்விடும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணவாளன் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

"பெட்டி ஓரத்துல பதினேழுன்னு லேப் நம்பர் வெள்ளைப் பெயிண்ட்ல தெரியுது, பொன்னம்பலம்."

பொன்னம்பலம் மாலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அது நூத்துக்குப் பத்து வோல்ட்டு ஜாஸ்தி காட்டும்யா. போன மாசமே கழிச்சி எழுதியாச்சு. கழிச்சதுன்னு சீட்டு ஒட்டத்தான் மறந்துட்டேன்." மணவாளன் குரலைத் தாழ்த்தினார். "யாரும் கேக்க மாட்டாங்க. வுடு."

மெட்ராஸ் கடைச் சாட்சிகள் இரண்டும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன.

சிதையில் ஏற்றி வறட்டி அடுக்கும்போது குனிந்து மாலையை விலக்கிய பொன்னம்பலம் நிமிராமல் அப்படியே நின்றார்.

"என்னா மாமா, மீட்டர்ல எதுனா கோளாறா?" என்றான் தங்கராசு. "வூட்டுக்கு ஆள் வுட்டு மத்தத எடுத்தாரச் சொல்லவா?"

பொன்னம்பலம் மணவாளனைப் பார்த்தார். மணவாளன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. சரியாத்தான் இருக்கு."

தூக்கிவந்த குலுக்கலில் முள் பூச்சியத்தைவிட்டு ஒரு நூலளவு தள்ளி நின்றது. லேபில் எந்த மீட்டரையும் அப்படி அலமாரிக்கு அனுப்புவதில்லை. பொன்னம்பலம் கட்டைவிரல் நகத்தைக் கண்ணாடிக்குக் கீழிருந்த சின்னத் திருகில் பொருத்தி மெதுவாகத் திருப்பினார். கொள்ளிச்சட்டியைக் கை மாற்றிப் பிடித்தபடி தங்கராசு காத்திருந்தான். முள் நகர்ந்து, கொஞ்சம் ஆடி, பூச்சியத்தில் வந்து நின்றது. அவர் ஒரு வறட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார்.