சொந்தம் ஒட்டாத பூ

முட்டைக்கோஸ் ரோஷமுள்ள செடி. தன் பூவின் மகரந்தம் தன் மேலேயே விழுந்தால் அடையாளம் கண்டு தள்ளிவிடும். அன்னியச் செடியிலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும். போதாக்குறைக்குத் திருச்சி வெயிலில் அது பூக்கவும் செய்யாது. தொட்டியோடு தூக்கிக் குளிர் அறையில் வாரக்கணக்கில் வைத்து, மலைக்குளிர் வந்துவிட்டதென்று ஏமாற்றிப் பூக்க வைக்கிறோம். ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு இந்த ஏமாற்று வேலைக்குத்தான் சம்பளம்.

இவ்வளவு பாடும் ஒரு சத்துக்காக. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள உதவும் காரமான ஒரு பொருள் கோஸ் குடும்பத்துக் காய்களில் ஊறுகிறது. சாதாரணக் கோசில் ஒரு மரபணு அதை உடனே வேறொன்றாக மாற்றிவிடும். அந்த மரபணு பழுதான செடியில் மட்டும் சத்து அப்படியே தங்கும். ஆனால் தாய் கொடுத்த பிரதி, தகப்பன் கொடுத்த பிரதி, இரண்டுமே பழுதாக இருக்க வேண்டும். அதற்காக, தாயும் தகப்பனும் ஒரே செடியாக இருக்கும்படி, மலராத மொட்டைச் சின்ன இடுக்கியால் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவி, காகிதப் பை மாட்டிவிடுவேன். மொட்டுக்கு இன்னும் ஆள் அடையாளம் தெரியாது. சொந்தத்தை நம்பி ஏற்றுக்கொள்ளும்.

நானும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன். என் கணவர் ரெங்கராஜ் என் அத்தை மகன். லால்குடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர்தான் எனக்கு மாமா, வேறு மாப்பிள்ளை யாரும் பார்க்கவில்லை. கல்யாணமானதும் ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்தோம். அவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. மகிழன் பிறந்தான். உட்கார வேண்டிய வயதில் உட்காரவில்லை. பிறகு பால் இறங்கவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து, உடம்பில் ஒரு நொதி சுரக்கவில்லை என்றும், அதற்கான மரபணுவில் ஆளுக்கொரு பழுதுப் பிரதி எங்களிடம் இருந்து இரண்டும் குழந்தைக்கு வந்துவிட்டன என்றும் சொன்னார். செடியில் எதைத் தேடி அலைந்தேனோ அது என் பிள்ளைக்கு எமனாக வந்து சேர்ந்தது. மூன்றாவது பிறந்தநாளைக்கு எடுத்த சட்டையை அவன் போடவில்லை.

மாமா தன் அம்மாவிடமும் எங்கள் வீட்டிலும், மூளைக்காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள்ளும் அந்தப் பேச்சில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகப் பஸ் போனால் ஜன்னலுக்கு மறுபக்கம் திரும்பிக்கொள்வார். நான் வாயைத் திறந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். திறக்கவில்லை.

இந்த ஆவணியில்தான் அது முடியாமல் போனது. என் தங்கை விஜயராணியை மாமாவின் தம்பி ரஞ்சித்துக்குப் பேசி முடிக்க ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலேயே கூடினார்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இஷ்டம். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. லால்குடி ரயிலில் பூவும் பழமுமாக வந்து இறங்கியதிலிருந்து, "சொந்தம் விட்டுப் போகாம கட்டிப்போட்டுட்டேன் பாத்தியா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராணி பட்டுப்புடவையில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அவள் மடியில் இன்னொரு மகிழன் தெரிந்தான். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தை, தட்டு மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கட்டும்" என்றேன்.

"டெஸ்டா? எதுக்கு?"

"மரபணு டெஸ்ட். சொந்தத்துல கட்டுறாங்க இல்ல, அதான்."

அத்தை வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "உன் பாட்டன் அத்தை மகளைத்தான் கட்டினாரு. உன் அப்பனும் நானும் குத்துக்கல்லாட்டம் இல்லையா? கோசுச் செடிக்குப் பாக்குற டெஸ்டை எம்புள்ளைக்குப் பாக்கணுமா?"

அப்பா என்னை முறைத்தார். "நல்ல காரியம் நடக்கற நேரத்துல என்ன பேச்சும்மா இது?"

"அவ வயிறு காலியாயிடுச்சு, தங்கச்சி நல்லா இருக்கறது பொறுக்கல" என்றார் அத்தை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பதில் சொல்ல மகிழன் பெயரை எடுக்க வேண்டும். மாமா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, அவளை விடுங்க" என்றார் மாமா. "மகிழனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்ல. நான் பொய் சொன்னேன். என் ரத்தத்துல இருந்த பழுதும் அவ ரத்தத்துல இருந்த பழுதும் சேர்ந்துதான் அவன் செத்தான். நாங்க சொந்தங்கறதாலதான் ஒரே பழுது ரெண்டு பேருகிட்டயும் இருந்திருக்கு."

அத்தை, "என்னடா சொல்ற, என்னடா சொல்ற" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரஞ்சித் எழுந்து வந்து, "டெஸ்ட் எடுத்துக்கறோம் அண்ணி. ரெண்டு பேருக்கும் பழுது இருந்தா வேண்டாம்" என்றான். ராணி தலைப்பூவைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். தட்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு சாயங்கால ரயிலுக்கே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

வீடு காலியானதும் மாமா பாயை விரிக்காமல் தரையில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் தொடவில்லை.

"ஜோதி, உன்ன ஒண்ணு கேக்கணும். நீ வேற யாரையாவது கட்டியிருந்தா நம்ம புள்ள உசுரோட இருந்திருப்பான்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"ஒரு புள்ள இருந்திருக்கும் மாமா. ஆனா அது மகிழன் இல்ல. அந்தக் கண்ணும் அந்தச் சிரிப்பும் உங்களுக்கும் எனக்கும்தான் பொறக்க முடியும். வேற யாருக்கும் அவன் வந்திருக்க மாட்டான்."

அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அப்ப அவன் சாகாம இருக்கணும்னா, பொறக்காமலேயே இருந்திருக்கணும்."

பண்ணைக்கு வருகிற மாணவர்களுக்கு மரபணுவைப் பற்றி மணிக்கணக்கில் விளக்குகிறவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆனாலும் வந்தானே புள்ள, நம்மகிட்ட வந்தானே" என்று சொல்லி அவர் உடைந்து அழுதார். நானும் அழுதேன். மகிழன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.