யாருடைய வாடை

அன்று காலை அவள் தன் கணவனிடம் கடைசியாகச் சொன்னது, "காலத் தொடச்சிட்டு வெளிய வந்தா கிரீடம் எறங்கிடுமா?" என்பதுதான். எட்டேகாலுக்குக் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு, அப்போதுதான் அவள் துடைத்துவிட்டிருந்த தரையில் ஈரக்கால் பதிய அவன் கூடத்தைக் கடந்து போனான். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கும் ஆசைதான். அவன் சிரிக்கவில்லை. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பதினொன்றரை மணிக்கு, அவன் வேலை பார்த்த தராசு பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து போன் வந்தது. மேஜையில் தலை சாய்த்திருந்தானாம். தூங்குகிறான் என்று நினைத்து அரைமணி நேரம் யாரும் எழுப்பவில்லையாம்.

சாயங்காலம் உறவுக்கூட்டம் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அவள் செய்த ஒரே காரியம், நடைவழியில் இருந்த குளியலறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டதுதான். வீட்டில் குளியலறை இரண்டு. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்னது அவளுக்கும் மாமியாருக்கும். நடைவழியில் இருந்தது அவனுடையது. உள்ளே அவன் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வடிகால் ஓரத்தில் அவன் தேய்த்து ஊற்றிய சோப்பு நுரை இன்னும் முழுதாகக் காயவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் அங்கே கைகால் கழுவி, அந்த நுரையைக் கலைத்துவிட்டுப் போவார்கள் என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. கதவுக்கடியில் தூசி போகாமல் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி அடைத்தாள். யார் கேட்டாலும் குழாய் ரிப்பேர் என்றாள். மாமியார் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் நடை ஒரு கணம் தேங்கும்.

ஏழாவது வாரத்தில் வாடை ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது மாமியார். "என்ன நாத்தம் இது? ஆம்பள போயிட்டா அதோட வெளக்குமாத்துக்கும் லீவா?" என்றாள், சுவரைப் பார்த்து. அவன் போனதிலிருந்து இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதைச் சுவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் ஒட்டவைத்திருந்த பசை அவன். பசை போனதும் இரண்டு தாளும் தனித்தனியே காற்றில் அடித்துக்கொண்டன.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். நானூறு பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் அவள் கண் அதில் போய் நிற்கும். அதே கர்வத்தோடுதான் வாடையைத் தேட இறங்கினாள். குளிர்சாதனப் பெட்டியை இழுத்துப் போட்டு, பின்னால் நீர் சொட்டும் தட்டைக் கழுவினாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் மடிப்பில் விரலை விட்டுத் துடைத்தாள். கறுப்பாக வழவழவென்று ஏதோ வந்தது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று மூன்று நாள் நிம்மதியாக இருந்தாள். நான்காம் நாள் மதியம் வெயில் ஏற ஏற, அதே புழுங்கிய, அடைபட்ட வாடை, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன் மாதிரி வீட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அலமாரிகளைக் காலி செய்தாள். செருப்புகளை வெயிலில் வைத்தாள். சோபாவின் அடித்துணியைக் கிழித்துப் பார்த்தாள். வாசனைத் திரவம் தெளித்தபோது, வாடையும் வாசனையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தது. "செத்தவன் வீட்டுல கல்யாண வாசன," என்றாள் மாமியார். அச்சகத்தில் பக்கத்து மேஜைக்காரி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். அன்று முழுவதும் இவள் தன் தோளை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி, மூக்கை மட்டும் முன்னால் விட்டு அறை அறையாக நடந்தாள். வாடை அடர்ந்த இடத்தில் நின்று கண்ணைத் திறந்தபோது, மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் அவள் போகவே இல்லை. ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டுப் புத்தகத்தில் பிழையே இல்லை என்று கையெழுத்துப் போடுகிற வேலையை, அவள் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் செய்தாள்.

மாமியார் உள்ளே வந்தபோது படுக்கை விரிப்பு உருவப்பட்டுத் தரையில் கிடந்தது. மருமகள் மெத்தையின் மேல் குனிந்திருந்தாள்.

"என்ன தேடுற?"

"தப்பா நினைக்காதீங்க அத்த. உங்களுக்கு வயசு எழுபத்தி ரெண்டு. ராத்திரி எந்திரிச்சுப் போக முடியாம, தூக்கத்துல..."

"சொல்லு. ஏன் பாதியில நிறுத்திட்ட? உங்க அச்சகத்துல முழுசாத்தான போடுவீங்க?"

"வாட இங்கேருந்துதான் வருது."

மாமியார் குனிந்து விரிப்பை எடுத்து, உதறி, தானே விரித்தாள். நான்கு மூலையையும் இழுத்துவிட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் தடவினாள். மறுநாள் மருமகள் வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு ரப்பர் விரிப்பு வாங்கி வந்தாள். கைக்குழந்தைகளுக்குப் போடுவது. மெத்தைமேல் போட்டு, அதன்மேல் துணியை விரித்தாள். அன்றிலிருந்து கிழவி புரளும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் சரசரவென்று கேட்கும். அந்தச் சத்தத்தில் தனக்கு ஓர் ஆறுதல் இருந்ததை மருமகள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். மகனைப் பெற்றவள் என்ற பெரிய பட்டத்தை, இவள் எத்தனை அழுதும் கிழவியிடமிருந்து பறிக்க முடியவில்லை. இந்த ரப்பர் துணி அதைக் கொஞ்சம் கீழே இறக்கியது போலிருந்தது.

ஒன்பது நாள் மாமியார் சுவரிடம்கூடப் பேசவில்லை. விடிவதற்கு முன் குழாய்ச் சத்தம் கேட்கும், விரிப்பைத் துவைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு வேளை குளித்தாள். மாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். மருமகள் இதையெல்லாம் கவனித்தாள். குற்றவாளியின் நடத்தை என்று முடிவு கட்டினாள். பத்தாம் நாள் நாத்தனார் போன் செய்தாள். "அம்மா எல்லாம் சொன்னாங்க. நீ வேலைக்கும் போயிட்டு இந்த வயசுல அவங்களுக்குத் துணி மாத்த முடியாது, எனக்குப் புரியுது. சனிக்கிழம நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." குரலில் தேன் வடிந்தது, உள்ளே ஊசி இருந்தது. மருமகள், "உங்க இஷ்டம் அண்ணி," என்றாள். போனை வைத்த பிறகு, சனிக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் தானும் பூட்டிய அறையும் மட்டும்தான் என்று தோன்றியது. நெஞ்சில் ஏதோ லேசாயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது, கூடத்தில் ஒரு குழாய்க்காரர் நின்றிருந்தார். தொப்பை முன்னால் வர, பையைத் தோளில் மாட்டிய ஆள். மாமியார் பெட்டியைக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு இவரு?"

"போகப்போறவ போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்," என்றாள் மாமியார். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக முகத்தைப் பார்த்துப் பேசினாள். "நானா, இல்ல வேற எதாவதான்னு."

குழாய்க்காரர் இந்தப் பேச்சு காதில் விழாதவர் போல மூக்கை உறிஞ்சினார். "படிப்பு ஏறலம்மா எனக்கு. ஆண்டவன் பாத்து மூக்க மட்டும் கொடுத்தான்," என்றபடி மாமியாரின் அறைக்குள் போனார். கட்டிலைப் பார்க்கவே இல்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர் உயரத்தில் இருந்த பரணின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். உள்ளேயிருந்து அவர் குரல் குகையிலிருந்து வருவது போல் வந்தது. "இங்கதான் ஐயா குடியிருக்காரு. சுடுதண்ணிக் குழாய் போட தரையில ஓட்ட போட்டிருக்காங்க, பூசாமலே விட்டுட்டாங்க. இந்தப் பரணுக்குக் கீழ என்ன ரூமு?"

மருமகள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குளிக்கிற ரூமு," என்றாள் மாமியார் கடைசியில். "பூட்டியிருக்கு."

"எத்தன நாளா?"

"நாலு மாசம்."

அவர் தலையை வெளியே எடுத்தார். முடியில் ஒட்டடை. "நாலு மாசமா அங்க ஒரு சொட்டுத் தண்ணி விடலயா? அட கடவுளே. அம்மா, தரை வடிகாலுக்குக் கீழ ஒரு வளைஞ்ச கிண்ணம் இருக்கும். அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணிதான் மூடி. ஆளு குளிக்கக் குளிக்கத் தானா நெறையும். குளிக்க ஆள் இல்லன்னா காஞ்சிரும். காஞ்சிட்டா சாக்கடைக்கும் உங்களுக்கும் நடுவுல ஒண்ணுமே கெடையாது. வரும்போதே பாத்தேன், கதவுக்கடியில துணிய வேற அடைச்சிருக்கீங்க. அது போக வழியில்லாம மேல ஏறி, பெரியம்மா தலைக்கு மேல வந்து எறங்குது." முக்காலியிலிருந்து இறங்கிக் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. ரெண்டு மக் தண்ணி. அவ்வளவுதான் வைத்தியம்."

"வேணாம்," என்றாள் மருமகள். "மேல ஓட்டைய அடைச்சிட்டுப் போங்க."

"அங்க அடைச்சா வேற எடத்துல வரும்மா."

"வரட்டும்."

"சாவியக் குடு," என்றாள் மாமியார்.

"மாட்டேன்."

"என் புள்ள குளிச்ச எடம்."

"என் புருஷன் குளிச்ச எடம்."

குழாய்க்காரர் இருவரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பாகம் பிரிங்க. நாத்தத்துல எனக்குப் பங்கு வேணாம்," என்றார். யாரும் சிரிக்காததால் பையைத் திறந்து எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார்.

மாமியார் தன் அறைக்குள் போய், மெத்தையிலிருந்து ரப்பர் விரிப்பை உருவி எடுத்து வந்து மருமகளின் காலடியில் போட்டாள். கத்தவில்லை. "இது நாறுதா, மோந்து பாரு," என்றாள். "நான் தெனமும் மோந்து பாத்தேன். துணிய, கைய, தலமாட்ட. நீ சொன்னது நெசம்னு நானே நம்பிட்டேன்டி. ஒம்போது நாளு. சாயங்காலம் தாகத்துக்குத் தண்ணி குடிக்கல. என் பொண்ணுகிட்ட நானே என் வாயால சொன்னேன், படுக்கையிலயே போயிடுறேன், கூட்டிட்டுப் போன்னு."

மருமகள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். மன்னிப்புக் கேட்காமல் நேரே நடைவழிக்குப் போனாள். பூட்டு துருப்பிடித்திருந்ததால் சாவி திரும்ப மறுத்தது. கதவு திறந்ததும் வாடை மூவரையும் தள்ளிக்கொண்டு வெளியே போனது.

துண்டு அட்டை போல விறைத்திருந்தது. சோப்பு வெடித்துக் கிடந்தது. வடிகால் ஓரத்தில், தரையில், அன்றைய நுரை காய்ந்த வெள்ளை வளையம், சுண்ணாம்பால் இழுத்த கோடு மாதிரி, அப்படியே இருந்தது. அதன் நடுவே குட்டையாக இரண்டு முடி. நாலு மாதமாக இந்தக் கோட்டுக்காகத்தான் அவள் காவல் காத்தாள் என்பது, அங்கே நின்றபோது அவளுக்கே அல்பமாகவும், விட முடியாததாகவும் இருந்தது.

மாமியார் அவளைத் தாண்டி உள்ளே போனாள். குழாய் இருமி, காற்றைத் துப்பி, செம்பழுப்பாகக் கொஞ்சம் கக்கிவிட்டுத் தெளிந்தது. மக்கை நிறைத்தாள். ஊற்றக் குனிந்தபோது மருமகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க வேணாம் அத்த. கோடு அழிஞ்சிடும்."

மாமியார் கோட்டைப் பார்த்தாள். என்னவென்று அவளுக்கும் புரிந்தது; முகம் ஒரு கணம் நொறுங்கியது. பிறகு இறுகியது.

"கைய விடு."

மருமகளின் பிடி தளரவில்லை. மாமியாருடையது எழுபத்திரண்டு வயதுக் கை. ஆனால் தண்ணீர் நிறைந்த மக்கோடு அது அசையாமல் நின்றது. மருமகளின் விரல்கள்தான் முதலில் விலகின. தண்ணீர் விழுந்தது. வெள்ளைக்கோடு ஒரு நொடி மிதந்து, நுரையாக மாறுவது போல் தோன்றி, சுழன்று, போயிற்று. தரைக்குள்ளிருந்து களக் என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது மக்கையும் அவளே ஊற்றினாள்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்துங்க," என்றார் குழாய்க்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "சண்ட போட்டுக்கிட்டே ஊத்தலாம். தண்ணிக்குக் காது கெடையாது."

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். பெட்டி வாசலோரத்தில்தான் இருந்தது, மாமியார் எழுந்திருக்கவில்லை. "நான் போனா இவ திரும்பப் பூட்டிக்குவா," என்றாள் மகளிடம். "ஒருத்தி ஊத்தணும்." நாத்தனார் தம்பி மனைவியைப் பார்த்தாள். இரு என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், மருமகள் ரப்பர் விரிப்பை எட்டாக மடித்துக் குப்பைக்கூடையில் திணித்துக்கொண்டிருந்தாள். அதைத் திணிக்க அவளுக்கு முழங்கால் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் வாடை போய்விட்டது. சண்டை போகவில்லை. மாமியார் கேட்காமலே அவன் குளியலறையில் குளிக்க ஆரம்பித்தாள். காலைத் துடைக்காமல் வெளியே வந்தாள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். இரண்டு வாரம் கழித்து, சின்னக் குளியலறையில் தண்ணீர் வராத ஒரு காலையில், அவளும் அங்கேயே குளித்தாள். துண்டை எடுத்துத் துவைத்தது யார் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அங்கே சுவரில் ஒரு கண்ணாடி இருக்கிறது. நெட்டையன் அவன்; தன் முகவாய் தெரிகிற உயரத்தில் ஆணி அடித்திருந்தான். அதன்முன் நின்றால் மருமகளுக்குக் கண்ணும் நெற்றியும் தெரியும். மாமியாருக்கு நுனிக்காலில் நின்றாலும் நரைத்த வகிடு மட்டும்தான். தலை வாரியபின் அவள் சீப்பைத் தூக்கிப் பிடித்து, அது தெரிகிறதா என்று பார்ப்பாள். சுத்தியல் சமையலறை இழுப்பறையில், கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. கண்ணாடி இன்னும் அவன் உயரத்திலேயே இருக்கிறது.