ஒட்டிக்கொண்டவை

அக்கா வீட்டில் யாரும் கதவைப் படாரென்று சாத்த மாட்டார்கள். சாத்தினால் முன்னறைத் தொட்டியில் இருக்கும் டிஸ்கஸ் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதிக்கொள்ளும். பிறகு உடம்பு கறுத்து மூலையில் ஒதுங்கி நிற்கும், தீனி எடுக்காது. அன்றைக்கு அத்தானும் தீனி எடுக்கமாட்டார்.

அத்தான் லிப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். தட்டைச் செங்குத்தாக நிறுத்திவைத்ததுபோல் இருக்கும் அந்த மீன்களுக்காகத்தான் அவர் வீட்டுக்கே வருகிறார் என்று அக்கா சொல்வாள். அவற்றுக்குத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். டிரம்மில் பிடித்துவைத்துச் சூடேற்றிய தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்த எனக்கு அந்த வேலையும் சேர்ந்துகொண்டது.

"பிள்ளை பெத்தவளுக்கு வெந்நீர் வைக்க ஆளில்ல. அதுங்களுக்கு ரெண்டு ஹீட்டர்" என்பாள் அக்கா.

குழந்தை அக்காவின் மேல்தான் தூங்கும். கீழே விட்டால் வீடு இரண்டுபடும். அதனால் அக்கா நடந்துகொண்டே இருப்பாள், சன்னலிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து சன்னலுக்கு. அவள் நடக்கும்போது எனக்கும் உட்கார மனம் வராது. துணியை மடித்துக்கொண்டே பின்னால் நடப்பேன்.

தொட்டியில் யாரைக் குடிவைப்பது என்பதில் அத்தான் பெண் பார்ப்பதைவிட அதிகம் பார்ப்பார். "தங்கமீனா? அதுக்குக் குளுந்த தண்ணி வேணும். ஏஞ்சலா? பாக்கத்தான் சாது, இதுங்க வாயத் தொறக்கறதுக்குள்ள பந்தியையே முடிச்சிடும். டைகர் பார்பா? அது துடுப்பைக் கடிக்கிற ரவுடி." கடைசியில் சூட்டைத் தாங்கும் குட்டி டெட்ராக்களும், தரையில் சிந்தியதைப் பொறுக்கும் கோரி மீன்களும்தான் தேறின.

அப்படிப்பட்டவர் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஏமாந்தார். கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று அந்த அம்மா கொடுத்த சக்கர் மீனை வாங்கித் தொட்டியில் விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் டிஸ்கஸ்களின் விலாவில் வெளுத்த திட்டுகள் வந்தன. ஒரு மத்தியானம் அக்கா கத்தினாள்.

"ஏங்க! உங்க செல்லத்த ஒருத்தன் உறிஞ்சிக்கிட்டு இருக்கான், வந்து பாருங்க!"

சக்கர் மீன் பெரிய டிஸ்கஸின் விலாவில் வாயை வைத்து அப்பிக்கொண்டிருந்தது. தோலின்மேல் ஊறும் வழுவழுப்பைச் சுரண்டித் தின்கிறது என்றார் அத்தான். "அந்த வழுவழுப்புதான் அதுக்குச் சட்டை. சட்டை கிழிஞ்சா சீக்கு உள்ள வந்துடும்." அன்றே அதைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு முத்தம் குடுத்ததுக்கா இந்தத் தண்டனை?" என்று தையல்காரம்மா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "மேல ஒட்டறது எதுவும் நல்லதுக்கில்ல" என்றாள். குழந்தை அப்போது அவள் தோளில் இருந்தது.

திட்டுகள் ஆறிய பிறகு இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்தன. அத்தான் அவற்றைச் சமையலறைப் பக்கம் தனித் தொட்டிக்கு மாற்றி, ஒரு மண்குழாயை நிறுத்திவைத்தார். அதன்மேல் முட்டையிட்டன. இதற்குமுன் எந்த ஜோடி முட்டையிட்டாலும் தாய்மீனோ தகப்பன்மீனோ அதைத் தின்றுவிடும். இந்த முறை தின்னவில்லை. பொரிந்த குஞ்சுகள் குழாயில் முடிமுடியாகத் துடித்தன. அத்தானுக்குத் தரையில் கால் பாவவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீந்த ஆரம்பிச்சா உடனே போன் பண்ணுங்க."

அவர் போன சற்று நேரத்திலேயே நீந்த ஆரம்பித்தன. அக்கா போன் செய்தாள். லிப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவர் போனில் மணி அடிக்காது.

நான் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் அக்கா தொட்டிமுன் நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. தாய்மீனின் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தியதுபோல் குஞ்சுகள் அப்பியிருந்தன. ஒவ்வொன்றும் தலையை ஆட்டி ஆட்டிக் கொத்தியது.

"பாருடி, பெத்த பிள்ளைங்களே திங்குதுங்க. அந்த சக்கர் மாதிரியே."

குழந்தை வீறிட்டது. அக்கா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் ஒரு தம்ளரை எடுத்தாள். குஞ்சுகளை மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினாள். "கொஞ்ச நேரம் அவளையாவது விடுங்க" என்றாள். அவளைத் தடுக்க எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வாளியில் ஹீட்டரைப் போட்டு, அவித்த மஞ்சள்கருவைக் கரைத்து விட்டேன். ஒரு குஞ்சும் சீண்டவில்லை. எல்லாம் வாளியின் கறுப்புக் கைப்பிடி நிழலில் போய் ஒட்டப் பார்த்தன.

தாய்மீனுக்கு நிம்மதி வந்ததாகவும் தெரியவில்லை. இரண்டு பெரிய மீன்களும் குழாயைச் சுற்றின, தரையைக் கொத்தின, கண்ணாடியோரம் மேலும் கீழும் அலைந்தன. அக்கா வாளிக்கும் தொட்டிக்கும் நடந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன். குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து அடிக்கு இறங்கின.

"செத்துடுமாடி? அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அக்காவின் இரண்டு கையிலும் குழந்தை. "மீன்கடைக்குப் போன் போடு. தொட்டில நம்பர் ஒட்டியிருக்கு பாரு."

எனக்குப் போனில் பேச வராது. அத்தான் என்னை 'வாயாடி' என்று கூப்பிடுவதே அதற்காகத்தான். வாளியைப் பார்த்தேன். எண்களை அழுத்தினேன்.

"குஞ்செல்லாம் அம்மாவத் தின்னுதுன்னு... தனியா எடுத்துட்டோம்" என்றேன்.

"அடக் கடவுளே!" என்றார் மீன்கடைக்காரர். "பால்குடியப் பிரிச்சிட்டீங்களேம்மா! அந்த உடம்புல ஊறுற பசைதான் அதுக்குத் தாய்ப்பால். வேற எதையும் தொடாது. உடனே திருப்பி விடுங்க. ரெண்டு தண்ணியும் ஒரே சூடா இருக்கணும், லைட்ட அணைங்க, மெதுவா."

"சேத்துக்குமா?"

"தாய் பயந்திருந்தா முழுங்கிடும். வேற வழியில்ல, விடுங்க."

அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் விளக்கை அணைத்தாள். குழந்தைகூட என்னவோ விக்கலோடு நிறுத்திக்கொண்டது. விரலால் சூடு பார்த்து, தம்ளரைத் தண்ணீருக்குள் இறக்கிச் சாய்த்தேன். குஞ்சுகள் தூசியைப்போல் சிதறின.

தாய்மீன் நேராக வந்தது. வாயைத் திறந்தது. ஒரு குஞ்சு உள்ளே போய்விட்டது.

"ஐயோ!" அக்கா என் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

தாய்மீன் குழாயருகே போய் அந்தக் குஞ்சைத் துப்பியது. முழுசாக. திரும்பி வந்து இன்னொன்றைக் கவ்வியது. அதையும் அங்கேயே கொண்டுபோய்த் துப்பியது. பொறுக்கிப் பொறுக்கி அத்தனையையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, விலாவைக் காட்டி அசையாமல் நின்றது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஏறி அப்பின. அடியில் கிடந்த சில மட்டும் எழவே இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து அவள் தரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தாய்மீன் உடம்பை வெடுக்கென்று உதறியது. ஒரு துள்ளலில் மூலைக்குப் போய்விட்டது. பிடி விட்ட குஞ்சுகள் நடுத்தண்ணீரில் தத்தளித்தன. பிறகு மொத்தமாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற தகப்பன்மீனின் விலாவில் ஏறின. அது நகரவில்லை.

"ஏன்டி," என்றாள் அக்கா மெதுவாக, "அப்பனுக்குமா ஊறுது?"

"அதுக்கும் ஊறும்." வாசலில் அத்தான், கையெல்லாம் கிரீஸ். தவறிய அழைப்புகளைப் பார்த்து ஓடி வந்திருந்தார். "ரெண்டும் மாத்தி மாத்தி ஊட்டும்னு கடைக்காரர் சொல்லுவாரு. நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்." கண்ணாடியருகே குனிந்தார். முகமெல்லாம் பல். "பாரு, எவ்வளவு பொறுமையா நிக்கிறான் பாரு!"

"பாத்தேன்" என்றாள் அக்கா. எழுந்தாள். "கைய கழுவிட்டு வாங்க."

"இரு, ஒரு நிமிஷம் இதப்..."

"கழுவிட்டு வாங்கன்னேன்."

கழுவிவிட்டு வந்தார். அக்கா குழந்தையை அவர் மார்பில் வைத்தாள். அது உடனே அழ ஆரம்பித்தது.

"ஏய், எங்கிட்ட என்ன ஊறப்போகுது?"

"புட்டில எடுத்து வச்சது ஊறும்" என்றாள் அக்கா. அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.

தொட்டி மீன்கள் மிரண்டு திரும்பின. அத்தானும் மிரண்டார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னல்வரை நடந்தார், திரும்பித் தொட்டிவரை நடந்தார். மறுபடி சன்னல்.

"வாயாடி," என்றார் இரைச்சலுக்கு மேலே, "பால் எங்க இருக்கு? எவ்வளவு சூடு பண்ணணும்?"

"மீன் தண்ணி அளவுக்கு" என்றேன். வாளியில் இன்னும் மிதந்துகொண்டிருந்த மஞ்சள்கருவைக் கொட்டப் போனேன்.