விழத் தெரிந்தவன்

அப்பா உடற்பயிற்சிச் சங்கத்திலிருந்து வருவதற்குள் சேறு போயாக வேண்டும் என்று லீஸ்பெத் தம்பியின் காலுறைகளை வாளியில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் எவால்ட் மறுபடியும் வாந்தி எடுத்தான். கால்பந்தாட்டத்தில் எதிரணிக் கோல்காப்பாளனின் முழங்கால் அவன் வயிற்றில் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகும் இருபது நிமிடம் ஆடினானாம். அதில் ஒரு பெருமை வேறு.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா," என்றான். "சொன்னா என் பெட்டி தெருவுலதான் கிடக்கும்."

அவன் மிகைப்படுத்தவில்லை. அவர்களுடைய அப்பா பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தில் பாதிப் பையன்களைக் கம்பியில் தொங்கவிட்டு நிமிர்த்தியவர். பந்தை உதைப்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த நாய்ப்புத்தி என்பார். பந்தோடு பிடிபட்ட இரண்டு மாணவர்களைப் பள்ளியைவிட்டே அனுப்பியிருந்தார்.

இருட்டுவதற்குள் எவால்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. டாக்டர் வந்தார். சுடச்சுடப் பிளம்ஸ் கேக் நாலு துண்டு தின்றதுதான் காரணம் என்று அப்பா அடித்துச் சொன்னார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அது பலகையாக இறுகியிருந்தது.

"எங்கயாவது அடி பட்டுச்சா?"

அப்பா சிரித்தார். "கம்பியில வளந்த பையன் டாக்டர். அவனுக்கு விழத் தெரியும்."

டாக்டர் லீஸ்பெத்தின் பக்கம் திரும்பினார். எவால்ட் இமைக்காமல் அவளையே பார்த்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே முட்டியது. அவளுக்குப் பயமாக இருந்தது.

"அடி எதுவும் படல," என்றாள்.

டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிப் போனார். காலையில் வந்தார். அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

புதன்கிழமை, சவப்பெட்டியை எடுப்பதற்குச் சற்று முன்பு, பூக்கடை ஆள் ஒரு மலர்வளையத்தோடு மாடியேறி வந்தார். நாடாவில் 'எங்கள் ஃபால்க்குக்கு, மற்ற பத்துப் பேர்' என்று எழுதியிருந்தது. அப்பா எட்டப் பிடித்துப் படித்தார்.

வீடு மாறி வந்துவிட்டீர்கள், இங்கே இறந்தது எவால்ட் ப்ரெமர் என்றார். அந்த ஆள் சீட்டைக் காட்டினார். தெரு, கதவு எண், மூன்றாம் மாடி எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"இந்தக் கட்டடத்துல ஃபால்க்னு யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று அப்பா மகளைக் கேட்டார்.

ஆட்ட முடிவுகள் பத்திரிகையில் வரும். அதனால் இப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் எல்லோருமே ஆடுவதற்கென்று வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயரைத் தேர்ந்து கொடுத்தவளே லீஸ்பெத்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வளையம் வந்த வழியே இறங்கிப் போய்விடும்.

"இருந்தான்பா," என்றாள்.

பூக்கடை ஆள் இரண்டு கையாலும் வளையத்தை நீட்டியபடி நின்றார். அப்பா அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.