மூன்று ஷிப்ட் சைக்கிள்

எங்கள் வீட்டு முதல் சைக்கிள் லேடீஸ் சைக்கிள். அதில்தான் என் கணவர் பரமசிவம் பதினோரு வருஷம் நிலக்கரி மைன்ஸுக்கு வேலைக்குப் போனார். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எழுபத்தொன்பதில் எனக்குப் பால்வாடியில் வேலை கிடைத்தது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நாலு மைல், டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கிராமம். காலை எட்டரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் அடுப்படி. எங்களால் வாங்க முடிந்ததோ ஒன்றே ஒன்று. அவர் ஷிப்டுக்குப் போக, நான் வேலைக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை மகளோடு மூன்று பேரும் வடலூர் போக, எல்லாவற்றுக்கும் அதுதான்.

பண்ருட்டிக் கடைக்காரர் ஜென்ட்ஸ் சைக்கிள் ஒன்றை இழுத்து நிறுத்தினார். "பார்ல பாப்பா, கேரியர்ல அம்மா. குடும்பமே போவலாம் சார்."

சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவள்தான் நான். ஆனால் புடவையோடு அந்த பாரைத் தாண்டுவது நடக்கிற காரியமா? வேலை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். இவர் என் புடவையையும் பாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பார் இல்லாதது காட்டுங்க."

"அது லேடீஸ் சார்."

"நான் ஏறினா தூக்கிப் போட்டுடுமா?"

அன்றிலிருந்து அந்த சைக்கிளும் ஷிப்ட் பார்த்தது. அவருக்கு நைட் என்றால் காலை ஆறரைக்கு வண்டி வீடு திரும்பும். எட்டு மணிக்கு நான் எடுப்பேன். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் நான் ஒரு மணிக்கு வந்து இறங்க, அவர் ஏறுவார். விடியற்காலையிலேயே அவர் கிளம்ப வேண்டிய பர்ஸ்ட் ஷிப்ட் வாரம் மட்டும் இடிக்கும். அப்போது கலியன் வந்து அவரைத் தன் கேரியரில் ஏற்றிப் போவார். கலியன் பக்கத்து ஊர்க்காரர், மைன்ஸில் இவரோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளி. சைக்கிள் ஸ்டாண்டில் "மேடம் வந்தாச்சு" என்று இவரைக் கிண்டல் செய்தவர்களை அதட்டியதும் அவர்தான்.

தொல்லை சீட்டில் இருந்தது. இவர் ஆறடி. நான் அவர் தோளுக்கும் எட்டாதவள். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி சீட்டை அவருக்கு ஏற்ற வேண்டும், எனக்கு இறக்க வேண்டும். இரண்டையும் அவரே செய்தார்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், சீட்டை இறக்க மறந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. நானே நட்டோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நாலு மைல் போனேன். அன்றைக்கென்று இன்ஸ்பெக்‌ஷன். இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் போட்டுவிடுவதாக அதிகாரி எழுதியே கொடுத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்குப் பிறகு சீட் இறங்கியே கிடந்தது. கேட்டால், "நட்டு இறுகிப் போச்சு, அசைய மாட்டேங்குது" என்பார். முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க அவர் ஓட்டிப் போவதைப் பார்த்து நானும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

ஒரு நாள் விடியற்காலையில் அவரை அழைத்துப்போகக் கலியன் வந்திருந்தார். இவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "உங்க அண்ணனைப் பாருங்க. ஒரு நட்டைக் கழற்றிப் புதுசு போடச் சோம்பேறித்தனம்" என்றேன்.

கலியன் குரலைத் தாழ்த்தினார். "நட்டுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க அண்ணி. போன மாசம் நான்தான் கிரீஸ் வெச்சேன். தூக்கக் கலக்கத்துல இன்னொரு வாட்டி மறந்தா அவ வேலை பூடும்டா, அது தாழவே கெடக்கட்டும்னாரு. முட்டி ரெண்டுலயும் தைலம் தேச்சிக்கினுதான் பெல்ட்டாண்ட நிக்கிறாரு."

அவர்கள் போனதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே திருப்பு, நட்டு தளர்ந்தது. வருஷமெல்லாம் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு மனுஷன் வாய்த்தாரே என்று நெஞ்சு நிறைந்தும் போனது. அந்த வாரம் முழுக்க ஏற்றி இறக்கிப் பழகினேன்.

அடுத்து அவருக்கு செகண்ட் ஷிப்ட் வந்தது. ஒரு மணிக்கு வந்ததும் சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றி, முறுக்கி வைத்தேன். சாப்பிட்டு வெளியே வந்தவர் திகைத்து நின்றார்.

"இறுகிப் போயிருந்ததே, எப்படி அசைஞ்சுது?"

"உங்க கைக்குத்தான் அசையாது போல. எனக்கு அசையுது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நன்றாக நீட்டி மிதித்துப் போனார்.

ஏற்றுவதும் இறக்குவதும் அன்றிலிருந்து என் டியூட்டி. ஸ்பேனர் என் கைப்பைக்கு வந்தது. நான் ரிட்டயர் ஆன அன்றும் அது அதில்தான் இருந்தது.