ஆகாசத்துக் கக்கூஸ்

அந்த வருஷம் மாங்காய் சீசனில் கருப்பாத்தாளின் புருஷன் அர்த்தநாரிக்கு ஆகாசப் பைத்தியம் பிடித்திருந்தது. அமெரிக்காக்காரர்கள் மூன்று பேர் பூமிக்கு மேலே ஒரு வீட்டில் மாசக்கணக்கில் குடியிருக்கிறார்கள் என்று ரேடியோ சொன்னாலும் சொன்னது, முதலமடை டீக்கடையிலும் அதே பேச்சு, சோற்றுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சு.

கருப்பாத்தாளுக்கு வேறு கவலை. வீட்டில் கக்கூஸ் இல்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்து வேலியோரம் போனால், மாங்காய் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வரும். வெளிச்சம் பட்டதும் எழ வேண்டும், போனதும் உட்கார வேண்டும், அதற்குள் அடுத்த லாரி. கக்கூஸ் கட்டச் சொன்னால், "சோறு திங்கற ஊட்டுல அந்தக் கருமமா?" என்று அர்த்தநாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"அங்கயே சோறு, அங்கயே தூக்கம், அங்கயே வேலை. கீழ எறங்கறதே இல்ல புள்ள!" என்றார் ஒரு மத்தியானம், ரசத்தைப் பிசைந்தபடி.

"ஏனுங்க, அப்ப வெளிக்கு எங்க போவாங்க?"

பிசைந்த கை நின்றது. டீக்கடையில் ஒருத்தனும் இதைக் கேட்டதில்லை. ஆம்பளைகளுக்கு எதற்குத் தோன்றப்போகிறது?

"அது விஞ்ஞானம். உனக்குப் புரியாது."

"வெளிக்கு வாரது எனக்குப் புரியாதுங்களா?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே கொல்லங்கோட்டுக்கு பஸ் ஏறி, பள்ளிக்கூட சயன்ஸ் வாத்தியாரைப் பிடித்து விசாரித்துக்கொண்டு வந்தார்.

"கேளு புள்ள! சாப்புடற எடத்துக்குப் பக்கத்து ரூமே அதுதானாம். நடுவால ஒரு மறைப்பு. பெல்ட்டுப் போட்டு உக்கோருவாங்களாம், காத்தே இழுத்துக்குமாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. கருப்பாத்தாளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு மோரை ஊற்றினாள்.

"பெல்ட்டெல்லாம் வேண்டாமுங்க. மறைப்பு மட்டும் கட்டிக் குடுங்க."

கட்டினார். ஆகாசத்து முறைப்படி கட்டுவதாக டீக்கடையில் அளந்துகொண்டேதான் கட்டினார்.

வேலை முடிந்த அன்று, உச்சி வெயிலில் கருப்பாத்தாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சிமெண்ட் வாசம் இன்னும் போகவில்லை. காரணமே இல்லாமல் கண்ணீர் வந்தது, துடைக்கத் துடைக்க வந்தது.

அர்த்தநாரிக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டினார். "எப்படி இருக்குது புள்ள? அமெரிக்கா தோத்துதா?"

"சித்த பேசாம போங்க. கண்ணாலமாகி வந்து இன்னிக்குத்தான் பகல்ல வந்திருக்கறனுங்க."